நெல்லை நகருக்குள் தாமிரபரணிக் கரை: குறுக்குத்துறை முதல் வண்ணாரப்பேட்டை வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிக்கு வருகிறவர்கள் நெல்லையப்பரைப் பார்த்து, அல்வா வாங்கிக்கொண்டு, குற்றாலத்துக்கோ திருச்செந்தூருக்கோ வண்டி ஏறிவிடுகிறார்கள். ஊரின் நடுவே ஓடும் ஆற்றைப் பாலத்து மேலிருந்து அரை நிமிடம் பார்ப்பதோடு சரி. அந்தக் கரையில் இறங்கி நடக்க விரும்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

இது பூங்காவா? நுழைவுச் சீட்டு உண்டா?

வேலி போட்ட பூங்கா அல்ல. படித்துறைகள், கல்மண்டபங்கள், கோயில்கள், மணல்திட்டுகள், இடையிடையே புதர் என்று விட்டுவிட்டுக் கிடக்கும் ஆற்றங்கரை. வாசல் கிடையாது, கட்டணம் கிடையாது, காவலாளியும் கிடையாது. எந்த இடத்தில் இறங்கலாம், எங்கே இறங்கக் கூடாது என்று சொல்லவும் ஆள் இல்லை. இந்தப் பக்கத்தை எழுத அதுவே காரணம்.

எந்தக் கரையில் எது இருக்கிறது?

ஆறு மேற்கிலிருந்து வந்து, நகருக்குள் வடகிழக்காகத் திரும்புகிறது. நீரோட்டம் போகிற திசையைப் பார்த்து நின்றால் இடக்கை பக்கம் டவுன், குறுக்குத்துறை, மீனாட்சிபுரம், ஜங்ஷன், கைலாசபுரம், சிந்துபூந்துறை. வலக்கை பக்கம் கொக்கிரகுளம், வண்ணாரப்பேட்டை, அதைத் தாண்டிப் பாளையங்கோட்டை. இரண்டு கரையையும் இணைப்பது சுலோசன முதலியார் பாலமும் அதை ஒட்டிய புதிய பாலமும்.

இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் ஆட்டோக்காரரிடம் வழி சொல்வதில் குழப்பம் வராது. "ஆத்தங்கரைக்குப் போகணும்" என்று மட்டும் சொன்னால் எந்தக் கரை, எந்தத் துறை என்று அவர் திருப்பிக் கேட்பார். துறையின் பெயரையோ கோயிலின் பெயரையோ சொல்லுங்கள்.

கரையோரமாகவே முழுத்தூரமும் நடக்க முடியுமா?

முடியாது. வீடுகளின் பின்புறம், சாக்கடை வந்து சேரும் ஓடைகள், சீமைக்கருவேலப் புதர்கள் எல்லாம் குறுக்கிடும். ஆற்றுக்குள் மணலில் இறங்கி நடந்தே கடந்துவிடலாம் என்று கோடையில் சிலர் முயல்வது உண்டு. மணலுக்கு அடியில் சேறு, உடைந்த பாட்டில், கசம் எனும் ஆழக் குழி என்று அடுத்தடுத்து வரும். அதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். ஒரு துறையைப் பார்த்து முடித்துவிட்டுச் சாலைக்கு ஏறி, ஆட்டோவிலோ பஸ்ஸிலோ அடுத்த துறைக்குப் போவதே சரி.

எப்படிப் போய்ச் சேர்வது?

ரயிலில் வந்தால் ஜங்ஷன் நிலையத்திலிருந்து பாலம் நடக்கும் தூரம். வழியில் 1973-இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலத்தையும் பார்த்துவிடலாம். மேல் தட்டில் வண்டிகளும் கீழ்த் தட்டில் நடப்பவர்களும் சிறு வண்டிகளும் போகும்படி ரயில்பாதைக்கு மேலே கட்டியது. வெளியூர் பஸ்ஸில் வந்தால் வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து ஜங்ஷன் போகும் டவுன் பஸ் ஏறி வண்ணாரப்பேட்டையிலோ கொக்கிரகுளத்திலோ இறங்குங்கள். ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா வண்டியும் ஒரே வழியில் போவதில்லை.

குறுக்குத்துறைக்கு டவுனிலிருந்து தெற்கே போகவேண்டும். "குறுக்குத்துறை முருகன் கோயில்" என்றால் எந்த ஆட்டோக்காரருக்கும் தெரியும். திரும்பி வர ஆட்டோ அங்கே எப்போதும் நிற்காது. காலை நேரமானால் போன வண்டியையே காத்திருக்கச் சொல்வது நல்லது.

எந்த மாதம் போகலாம்?

பொதிகையில் பிறக்கும் ஆறு இது. மேற்கே தென்மேற்குப் பருவமழை, இங்கே வடகிழக்குப் பருவமழை என இரண்டாலும் நீர் பெறுகிறது. அதனால் நகரில் ஒரு சொட்டு மழை இல்லாத ஜூன், ஜூலையிலும் ஆற்றில் தண்ணீர் வரும். கார் சாகுபடிக்கு அணை திறந்த பிறகு ஆறு தெளிவாக ஓடுவதைப் பார்க்கலாம், ஆனால் வெயிலும் காற்றும் பலம்.

எங்கள் கணக்கில் நல்ல காலம் ஜனவரி, பிப்ரவரி. மழை ஓய்ந்திருக்கும், தண்ணீர் இறங்கித் தெளிந்திருக்கும், பறவைகள் வந்திருக்கும், வெயிலும் சுடாது. ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் ஒதுங்கி, ஆகாயத்தாமரை எனும் அமலைச்செடி மண்டிவிடும். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் முடிய ஆற்றைக் கரையிலிருந்து மட்டும் பாருங்கள்.

நேரம் என்றால் விடிந்து ஒன்பது மணி வரை, இல்லையென்றால் மாலை நாலரைக்கு மேல். நடுப்பகலில் கல்படிகள் காலைச் சுட்டுவிடும். இருட்டிய பிறகு கரையில் இருக்க வேண்டாம். பல துறைகளில் விளக்கு போதாது, பாம்பும் நடமாடும்.

குறுக்குத்துறையில் அப்படி என்ன விசேஷம்?

ஆற்றுக்கு நடுவில், பாறை மேல் நிற்கிற முருகன் கோயில். பெருவெள்ளம் வந்தால் கோயில் தண்ணீருக்குள் போய்விடும். கட்டியவர்களுக்கும் அது தெரியும். தண்ணீர் வந்து மோதும் மேற்கு மதிலைப் படகின் முனை போலக் கூராக அமைத்திருக்கிறார்கள். வெள்ளம் நேராக முட்டாமல் இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் ஓடிவிடும். சாதாரண நாளில் போகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. சுவாமி கும்பிட்டு முடித்ததும் வெளியே வந்து மேற்குப் பக்கம் போய், மதிலின் அந்த முனையைப் பாருங்கள். ஆற்றோடு சண்டை போடாமல், அதற்கு வழிவிட்டு நிற்கக் கட்டிய கட்டடம் அது.

ஆற்றில் தண்ணீர் ஏறத் தொடங்கினால் உற்சவ மூர்த்தியையும் பூசைப் பொருள்களையும் கரையில் உள்ள மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். வெள்ளம் வடிந்து சேற்றையெல்லாம் அள்ளிக் கழுவிய பிறகு திரும்பக் கொண்டுவருவார்கள். 2023 டிசம்பர் 17, 18 பெருமழையிலும் கோயில் மூழ்கியது.

இந்த இடத்துக்குத் திருவுருமாமலை என்றும் பெயர். சிலை வடிக்க ஏற்ற பாறை இருந்த இடம், திருச்செந்தூர் முருகனின் திருவுருவம் இங்குள்ள கல்லில் வடித்தது என்று ஊரார் சொல்வார்கள். கோயிலைச் சுற்றியும் கரையிலும் உள்ள கல்மண்டபங்களில் சற்று உட்காருங்கள். ஆற்றுக்கு வந்து போகிறவர்கள் ஈரத்துணி மாற்றவும் இளைப்பாறவும் கட்டியவை. தூண்களில் ஆணி அடிப்பதும் பெயர் கிறுக்குவதும் வேண்டாம்.

மழைக்காலத்தில் கோயிலுக்குப் போவதாக இருந்தால், கரையில் நின்று பாதை முழுதும் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். பாதை மேல் தண்ணீர் ஓடினால், கணுக்கால் ஆழம்தானே என்று இறங்காதீர்கள். மேலக்கோயிலில் கும்பிட்டுவிட்டுத் திரும்புங்கள்.

சுலோசன முதலியார் பாலத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

1843-இல் கட்டிமுடித்த பாலம், 11 வளைவுகள். சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்தார். அதற்கு முன் பாளையங்கோட்டைக்கும் நெல்லைக்கும் இடையே போக்குவரத்து பரிசலையும் ஓடத்தையும் நம்பியே நடந்தது. லண்டன் வாட்டர்லூ பாலத்தின் அமைப்பை ஒட்டியது என்பார்கள். பிற்காலத்தில் அகலப்படுத்தியதால் மேலே நின்றால் ஒன்றும் தெரியாது. வளைவுகளைப் பார்க்கக் கீழே கரைக்கு இறங்கவேண்டும்.

பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள், படம் எடுக்க இடமும் கிடையாது. நடந்து போய், மேற்குப் பார்த்த கைப்பிடிச் சுவர் ஓரமாக நில்லுங்கள். மழை பெய்து வெறித்த மறுநாள் காலையில் தொலைவில் மேற்குத் தொடர்ச்சி மலை நீலமாகத் தெரியும். மாலையானால் சூரியன் ஆற்றின் வரத்துப் பக்கமாக இறங்கும்.

குளிக்கலாமா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். சில நாள், சில இடம் என்பதே பதில்.

முதலில் இடம். நகருக்குள் நுழையும் முன் உள்ள தண்ணீரும் நகரைக் கடந்த தண்ணீரும் ஒன்றல்ல. கரையோரக் கழிவுநீர் ஓடைகள் வழிநெடுக ஆற்றில் சேர்கின்றன. கீழே போகப் போகக் கலப்பு கூடும். ஆகவே குளிப்பதானால் மேல்பக்கத் துறைகளில், அதாவது குறுக்குத்துறைப் பக்கம். பாலத்துக்குக் கீழே கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்தத் துறையானாலும், வரத்துப் பக்கம் ஓடை ஏதும் வந்து விழுகிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அடுத்து நாள். கோடைக்குப் பிறகு பெய்யும் முதல் மழை, தெருச் சாக்கடையில் இத்தனை நாள் கிடந்ததை எல்லாம் அடித்துக்கொண்டு வரும். அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாளைக்கு இறங்க வேண்டாம். மற்ற நாட்களில் எளிய சோதனை ஒன்று உண்டு. முழங்கால் ஆழத்தில் அசையாமல் நின்று குனிந்து பாருங்கள். உங்கள் கால்விரல் தெரிந்தால் குளிக்கலாம். செம்மண் நிறத்தில் கலங்கியிருந்தால் மேலே தண்ணீர் வரத்து கூடியிருக்கிறது. கறுத்தோ நுரைத்தோ இருந்தால் கழிவு கலந்திருக்கிறது. இரண்டிலும் கரைக்கு ஏறிவிடுங்கள். தண்ணீர் தெளிந்திருந்தாலும் குடிக்கக் கூடாது, வாய் கொப்பளிக்கவும் கூடாது. காலில் ஆறாத புண் இருந்தால் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக உடம்புக்குள் போகும்.

நீச்சல் தெரிந்தவர்களும் மூழ்குவது எப்படி?

மணல் அள்ளிய பள்ளங்கள் ஒரு காரணம். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போகிறவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் ஆழத்தில் இருப்பார். வெள்ளம் ஒவ்வொரு முறையும் மணலை இடம் மாற்றிப் போடுவதால், போன வருடம் மேடாக இருந்த இடம் இந்த வருடம் கசமாக இருக்கும். பாலத் தூண்களின் அடியில் நீரோட்டம் சுழன்று மண்ணை அரித்துக் குழி பறித்திருக்கும். மேலே அமைதியாகத் தெரியும், காலை உள்ளே இழுக்கும். தூண் பக்கம் நீந்திப் போவதும் பாலத்திலிருந்தோ பாறையிலிருந்தோ குதிப்பதும் வேண்டவே வேண்டாம்.

படிகளில் தண்ணீருக்கு அடியில் இருப்பவை பாசி பிடித்து வழுக்கும், கடைசிப் படிகள் சில இடங்களில் உடைந்தும் பெயர்ந்தும் கிடக்கும். பக்கவாட்டாகத் திரும்பி, ஒரு கால் ஊன்றிய பிறகு மறுகால் வையுங்கள். ஆற்றில் கிடக்கும் பழைய துணிகளும் அமலைத் தண்டுகளும் காலைச் சுற்றிக்கொள்ளும். சேலையோடும் நீளப் பாவாடையோடும் இறங்குகிறவர்கள் முழங்காலுக்கு மேல் போக வேண்டாம்.

யாராவது தத்தளித்தால்?

குதிக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு பேர் போவது இந்த ஆற்றில் புதிதல்ல. வேட்டி, சேலை, துண்டு எது இருந்தாலும் முறுக்கி வீசுங்கள், இரண்டு மூன்றை முடிச்சுப் போட்டால் நீளம் கிடைக்கும். காலி தண்ணீர் கேன் இருந்தால் மூடியை இறுக்கி எறியுங்கள், பிடித்து மிதக்கலாம். கரையில் படுத்துக்கொண்டு இழுங்கள், நின்றுகொண்டு இழுத்தால் உங்களையும் சாய்த்துவிடும். கூடவே இன்னொருவர் 112-க்கோ தீயணைப்புத் துறையின் 101-க்கோ அழைத்து, துறையின் பெயரைச் சொல்லட்டும். கரையில் துணி துவைப்பவர்களையும் கூப்பிடுங்கள், ஆழம் தெரிந்தவர்கள் அவர்கள்.

தண்ணீர் வரத்து கூடப்போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நகரில் வெயில் அடிக்கிறது என்பதை நம்பாதீர்கள். மேலே பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் உள்ளன. பாபநாசத்தின் முழுக் கொள்ளளவு உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. அணை நிரம்பும் நிலைக்கு வந்துவிட்டால் மலையில் பெய்யும் மழை அப்படியே ஆற்றில் இறங்கும். உள்ளூர்ச் செய்தித்தாள்களில் தினமும் நீர்மட்டமும், வினாடிக்கு எத்தனை கனஅடி திறக்கிறார்கள் என்பதும் வரும். மழைக்காலத்தில் புறப்படும் முன் அதைப் பாருங்கள். அணைகளுக்குக் கீழே பெய்கிற மழையும் காட்டாறுகள் வழியாக ஆற்றில் சேரும், அதற்கு மதகு கிடையாது. ஆகவே அணை நிரம்பவில்லை என்றாலும் எச்சரிக்கை வேண்டும்.

கரையில் நின்றே பார்க்கச் சில அடையாளங்கள்: தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்குவது, சருகும் குச்சியும் அமலையும் கூட்டமாக மிதந்து வருவது, நனையாமல் இருந்த படி கண்முன்னே நனைவது. இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் குழந்தைகளை முதலில் மேலே ஏற்றுங்கள். பாலத்தின் அருகே ஆற்றோரம் தைப்பூச மண்டபம் இருக்கிறது. அதன் கால்கள் தண்ணீரில் நின்றால் அன்றைக்கு எந்தத் துறையிலும் இறங்கக் கூடாது.

தர்ப்பணம் கொடுக்க வருகிறோம். கவனிக்க வேண்டியது என்ன?

ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் குறுக்குத்துறை, வண்ணாரப்பேட்டைத் துறைகளில் விடியும் முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். வயதானவர்களை அழைத்து வந்தால் படியின் ஓரத்தில், பிடித்துக்கொள்ளச் சுவரோ தூணோ உள்ள இடமாகப் பாருங்கள். ஒரு சொம்பு கொண்டுவந்தால் ஆற்றில் இறங்காமல் படியில் உட்கார்ந்தே குளித்துக்கொள்ளலாம்.

உடுத்திய துணியை ஆற்றில் விடுவது வேண்டாம். தோஷம் தண்ணீரோடு போகும் என்று விடுகிறார்கள். அந்தத் துணி எங்கும் போவதில்லை, அடுத்த வளைவில் வேரிலும் கல்லிலும் மாட்டி, பின்னால் குளிக்கிறவர் காலைச் சுற்றும். எள்ளும் தண்ணீரும் ஆற்றுக்குப் போதும். வாழையிலை, பிளாஸ்டிக் பை, படங்கள் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுத் திரும்ப எடுத்துப் போங்கள்.

ஆறு ஏன் இத்தனை அழுக்காக இருக்கிறது?

ஊர் வளர்ந்த வேகத்துக்குப் பாதாளச் சாக்கடை வளரவில்லை, மிச்சமெல்லாம் ஆற்றுக்கு வந்தது. வழக்குகள் நடந்தன. 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் நேரிலேயே வந்து கரையைப் பார்த்தார்கள். அமலைச்செடி செழிப்பதும் கழிவுநீரில் உள்ள சத்தால்தான். அள்ளிப் போட்டாலும் கழிவு நிற்காதவரை மறுபடி மண்டும். பார்க்க வருகிறவர்கள் செய்யக்கூடியது சிறிது. சோப்பு, ஷாம்பு இல்லாமல் குளியுங்கள். கொண்டுவந்ததைத் திரும்பக் கொண்டுபோங்கள். இதே ஆற்றுத் தண்ணீரைத்தான் நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கின்றன.

பறவை பார்க்க ஏற்ற இடம்?

ஆற்றில் நீர்க்காகம், பாம்புத்தாரா, மடையான், வெண்மார்பு மீன்கொத்தி, கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஆகியவை எளிதில் கண்ணில் படும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் இறக்கையடித்து நின்று, செங்குத்தாக விழுவதைக் காலையில் பாலத்திலிருந்து பார்க்கலாம். தாமிரபரணியில் நீர்நாய்களும் உண்டு, நகருக்குள் காண்பது அரிது.

கூட்டமாகப் பார்க்க வேண்டுமானால் டவுனில் நயினார்குளம். சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாய் நிரப்பும் குளம் இது. டிசம்பர் முதல் மார்ச் வரை நீர்ப்பறவைகள் இருக்கும். ஆற்றில் வெள்ளமாக இருக்கும் நாளில் மாற்றாகவும் இங்கே வரலாம். கரைச்சாலையில் காய்கறி மொத்தச் சந்தை இருப்பதால் விடியற்காலையில் லாரி நெரிசல் உண்டு. வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

சிறு பிள்ளைகளோடு வந்தால்?

கொக்கிரகுளம் பக்கம் வாருங்கள். 1987-இல் தொடங்கிய மாவட்ட அறிவியல் மையம் ஆற்றை ஒட்டியே இருக்கிறது. தோட்டமும் கண்காட்சியுமாக இரண்டு மணி நேரம் போய்விடும், கழிப்பறை வசதியும் கிடைக்கும். வெயில் தாழ்ந்த பிறகு பாலத்துக்கு நடந்துவரலாம். ஆற்றில் இறங்கினால் பிள்ளையின் கை உங்கள் கையில் இருக்கட்டும், மிதவை வளையத்தை நம்ப வேண்டாம்.

எந்த நாட்களில் கூட்டம்?

தைப்பூசத்துக்கு நெல்லையப்பர் கோயிலிலிருந்து சுவாமி ஆற்றுக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி நடக்கும். பார்க்க வேண்டிய நாள் அது. தை மாதத்தில் சிறுவீட்டுப் பொங்கல் வைக்கும் பெண்பிள்ளைகள், மார்கழி முழுதும் வாசலில் பூவோடு சேர்த்துத் தட்டிக் காயவைத்த எருவைக் கொண்டுவந்து சூடம் ஏற்றி ஆற்றில் விடுவார்கள். காணும் பொங்கலன்று கட்டுச்சோற்றோடு குடும்பம் குடும்பமாக வருவார்கள், இலை போட இடம் வேண்டுமானால் காலையிலேயே வந்துவிடுங்கள்.

ஜூலை 23 வேறு மாதிரியான நாள். 1999-இல் அன்றைக்கு, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகம் நோக்கி வந்த ஊர்வலத்தில் காவல்துறை தடியடி நடத்தியது. கலைந்து ஆற்றுக்குள் ஓடியவர்களில், குழந்தை உட்பட 17 பேர் இறந்துபோனார்கள். ஆண்டுதோறும் அந்தக் கரையில் மலர் தூவி அஞ்சலி செலுத்துகிறார்கள். போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். அன்று வந்தால் அஞ்சலிக்கு இடம்விட்டு, சத்தம் போடாமல் நில்லுங்கள்.

சாப்பாடு, கழிப்பறை, வண்டி நிறுத்தம்?

துறைகளில் ஒன்றையும் எதிர்பார்க்க வேண்டாம். ஜங்ஷனிலோ வண்ணாரப்பேட்டையிலோ முடித்துக்கொண்டு இறங்குங்கள், ஹோட்டல்களும் டீக்கடைகளும் அங்கே நிறைய. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே உள்ள இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும், காலையில் போய் ஏமாறாதீர்கள். காரை மணலில் இறக்காதீர்கள், சக்கரம் புதைந்தால் ஆள் சேர்த்துத் தள்ளவேண்டிவரும்.

ஒரு காலை நேரம் மட்டும்தான் இருக்கிறது. எப்படிப் பார்ப்பது?

ஆறு மணிக்குக் குறுக்குத்துறை. கோயில், மேற்கு மதில், மண்டபம், விருப்பமானால் குளியல் என ஒன்றரை மணி நேரம். பிறகு ஆட்டோவில் பாலத்துக்கு வந்து ஜங்ஷன் பக்கம் இறங்கி, தைப்பூச மண்டபத்தையும் கீழிருந்து வளைவுகளையும் பாருங்கள். பாலத்தை நடந்தே கடந்து வண்ணாரப்பேட்டைப் பக்கம் போனால் ஆற்றங்கரையில் பேராத்துச் செல்வி அம்மன் கோயில். வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். மாற்றுத்துணி ஒரு செட், வழுக்காத செருப்பு, குடிதண்ணீர், குப்பைக்கு ஒரு பை ஆகியவற்றை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.